சைக்கிள் ஓட்டும் சகோதரிகளே, முதுகையும் கொஞ்சம் கவனியுங்கள்



போன மாதம் மந்தைவெளிப் பக்கம் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, உள்கடன் வசூல் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு உறுப்பினர், "அக்கா, சைக்கிளை வித்துடலாம்னு இருக்கேன். யாருக்காவது வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த சைக்கிள் குழுவில் உள்கடன் எடுத்து வாங்கியது. காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பி, திரு.வி.க. பாலம் ஏறி இறங்கி, அடையாறில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் நமக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும், மூன்று வீடும் மூன்று மூலையில் இருக்கிறது. சைக்கிள் போனால் மூன்றாவது வீடும் போகும், அந்த வீட்டுச் சம்பளமும் போகும்.

"ஏன் விக்கறீங்க?" என்றேன்.

"இடுப்பு வுட்டுப் போவுதுக்கா. பாலம் ஏறும்போது முட்டி குத்துது. வூட்டுக்காரரு, உனக்கு எதுக்கு சைக்கிளுன்றாரு."

பக்கத்தில் இருந்த இன்னொருவர் சொன்னார்: "நான் வேலை செய்யற வீட்டு அம்மா பெசன்ட் நகர் பீச் ரோட்ல ஞாயித்துக்கிழமையானா சைக்கிள் ஓட்டுவாங்க. அதுக்காகவே யோகா பண்றாங்க, பைலேட்ஸ் க்ளாசும் போறாங்க. வெறும் சைக்கிள் மட்டும் ஓட்டினா முதுகு போயிடுமாம். அது என்னக்கா பைலேட்ஸ்?"

எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு நமது மருத்துவ முகாமுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமும், ஒரு யோகா ஆசிரியையிடமும் உட்கார்ந்து கேட்டேன். மூன்று வாரம் வீட்டில் செய்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சைக்கிள் நல்ல பயிற்சிதான், அதில் சந்தேகம் வேண்டாம். இதயத்துக்கு நல்லது, சர்க்கரை கட்டுப்பட உதவும், தொடைக்குப் பலம். நம் பெண்களுக்கு அது வெறும் வண்டியும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுக்கச் செய்தார். லட்சம் பெண்களுக்கு மேல் அங்கே சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஊர்வலமாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி, அந்த முன் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு! அப்படி வந்த சைக்கிளை முட்டிவலிக்காக விற்பதா என்பதுதான் என் ஆதங்கம்.

ஆனால் வலி பொய் இல்லை. சைக்கிளில் கால் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகிறது. நிமிடத்துக்கு அறுபது சுற்று என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 1,800 தடவை மடங்கி நீள்கிறது. பக்கவாட்டு அசைவே கிடையாது. இடுப்பு எப்போதும் மடங்கியே இருப்பதால், தொடையின் முன்பக்கமும் அடிவயிற்றுப் பக்கமும் உள்ள தசைகள் இறுகிக் குறுகிவிடும். சைக்கிளை விட்டு இறங்கி நிமிரும்போது அவை இடுப்பெலும்பை முன்னால் இழுக்கும். கீழ்முதுகு வலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதோடு முதுகு கூனி, கழுத்து நிமிர்ந்து, மணிக்கட்டு ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டே இருக்கும். அங்கிருந்து போய் குனிந்து வீடு துடைக்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம். "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே, தனியா எதுக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். வேலையிலும் குனிகிறோம், சைக்கிளிலும் குனிகிறோம். நிமிர்வது எப்போது?

ஆசனத்துக்கு முன்னால் சீட்டைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதியணும் என்று சீட்டை இறக்கி வைத்திருக்கிறோம். விழுந்துவிடுவோமோ என்கிற பயம். அப்படி ஓட்டினால் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச் சில்லில் அழுத்தம் ஏறும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். பழக்கம் இல்லாதவர்கள் வாரம் அரை இன்ச்சாக ஏற்றுங்கள். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஸ்பேனர் போட்டு இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்.

இப்போது யோகா. இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலகம் முழுக்க இன்று சொல்லித்தரும் யோகாவில் பெரும்பகுதிக்கு வேராக இருந்த கிருஷ்ணமாச்சார்யா (1888–1989) மைசூரிலிருந்து வந்து சென்னையில்தான் கடைசிவரை வாழ்ந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் நம் மந்தைவெளியிலேயே இருக்கிறது. மூச்சோடு சேர்ந்துதான் அசைவு, ஆளுக்குத் தக்கபடிதான் ஆசனம் என்பது அவர்கள் வழி. அதனால் டிவியில் காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைப்பவரைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

சைக்கிள்காரர்களுக்கு முக்கியமானது, மடங்கிய இடுப்பைத் திறப்பது. பாயில் வலது முட்டியை ஊன்றி (கீழே ஒரு துண்டு மடித்துப் போடுங்கள்), இடது பாதத்தை முன்னால் வைத்து, இடுப்பை மெதுவாக முன்னே தள்ளுங்கள். வலது தொடையின் முன்பக்கம் இழுப்பது தெரியும். ஐந்து மூச்சு இருந்துவிட்டு, கால் மாற்றுங்கள். பிறகு குப்புறப் படுத்து, கையை ஊன்றி மூச்சை இழுத்தபடி மார்பை மட்டும் கொஞ்சம் தூக்கும் புஜங்காசனம். தொப்புள் தரையிலேயே இருக்கட்டும். கடைசியாக மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் துண்டை மாட்டி, காலை மேலே நீட்டிப் பிடிப்பது. தொடையின் பின்பக்கம் இளகும். புடவையில் இதெல்லாம் சிரமம், சுடிதார் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

யோகா இறுகினதை இளக்கும், பலமும் தரும். பைலேட்ஸ் குறிப்பாக நடு உடம்பைப் பிடித்து நிறுத்தும் பலத்தைத் தருகிறது. பைலேட்ஸ் என்பது ஒரு ஆள் பெயர். ஜோசப் பைலேட்ஸ், 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர்கள் அவரை ஒரு தீவு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கேயும் உடற்பயிற்சி செய்தும் சொல்லிக்கொடுத்தும் வந்தார். பின்னாளில் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் வைத்தார். 1945இல் அவர் எழுதிய புத்தகத்தில் உள்ள 34 பயிற்சிகளும் தரையில் செய்பவைதான். இன்று ஸ்டுடியோவில் ஸ்பிரிங் வைத்த மெஷின் பார்த்து, இது பணக்காரங்க சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பாய் போதும்.

மல்லாந்து படுத்து முட்டியை மடக்குங்கள். மூச்சை வாயால் விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் கீழே சுருக்கி, அடிவயிற்றை உள்ளே இழுங்கள். அப்படியே வால் எலும்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முதுகெலும்பாக இடுப்பைத் தூக்கி, அதேபோல் ஒவ்வொன்றாக இறக்குங்கள். எட்டு தடவை. அவசரம் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. அடுத்து இரண்டு காலையும் முட்டி மடக்கிய நிலையிலேயே மேலே தூக்கி, ஒவ்வொரு காலாக விரல் நுனி தரையைத் தொட இறக்கி ஏற்றுங்கள். கீழ்முதுகு பாயை விட்டு வளையாமல் இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

வெளியில் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது நம்மில் பலருக்கு உண்டு. வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். மேலே சொன்ன, கீழே சுருக்கும் பயிற்சி அதற்கும் உதவும். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் பெண் மருத்துவரைப் பாருங்கள், வைத்தியம் இருக்கிறது.

இன்னொன்று, சைக்கிளில் உடம்பு பாரத்தை சீட் தாங்குவதால் எலும்புக்கு வேலை குறைவு. மாதவிடாய் நின்றவர்கள் நடப்பது, படியேறுவது, நின்று செய்யும் ஆசனம் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளும், சிசேரியன் ஆகி ஆறு மாதம் முடியாதவர்களும், குடலிறக்கம், டிஸ்க் பிரச்சினை, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இடுப்பு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு திடீரென்று போனால் அன்றைக்கே போக வேண்டும்.

மொத்தம் பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள். சைக்கிளில் வந்து இறங்கிய பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது செய்வது நல்லது.

அந்த உறுப்பினரின் சைக்கிள் சீட் இப்போது ஒன்றரை இன்ச் ஏறியிருக்கிறது. முட்டி குத்துவது நின்றுவிட்டதாம். இடுப்பு, "பாதி பரவால்லக்கா, துணி துவைக்கிற அன்னிக்குதான் பிடிச்சுக்குது" என்கிறார். சைக்கிளை இன்னும் விற்கவில்லை. உள்கடனில் நான்கு தவணை பாக்கி.