டோர்ஸ்டன் ஃபிரிங்ஸ்

டோர்ஸ்டன் ஃபிரிங்ஸ் (பிறப்பு: நவம்பர் 22, 1976) ஜெர்மனியைச் சேர்ந்த முன்னாள் காற்பந்தாட்ட வீரர் ஆவார். தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரராகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும் வலப்புற நடுக்களம், வலப்புறப் பின்களம் ஆகிய இடங்களிலும் ஆடியுள்ளார். தொடக்க காலத்தில் முன்கள வீரராக இருந்தவர். ஜெர்மனி தேசிய அணிக்காக 79 ஆட்டங்களில் பங்கேற்று 10 கோல்கள் அடித்தார்.

கழக ஆட்டங்கள்

ஃபிரிங்ஸ் வுர்செலன் நகரில் பிறந்தார். அருகிலுள்ள அலெமானியா ஆகன் கழகத்திலிருந்து 1997-இல் வெர்டர் பிரெமன் கழகத்தில் சேர்ந்தார். 1999-இல் அக்கழகம் பேயர்ன் மியூனிக்கைப் பெனால்டி உதைகளில் வென்று ஜெர்மன் கோப்பையைப் பெற்றது. 2002 முதல் 2004 வரை பொருசியா டோர்ட்மண்டிலும், அடுத்த ஒரு பருவம் பேயர்ன் மியூனிக்கிலும் ஆடினார். பேயர்ன் 2005-இல் புண்டெஸ்லீகா, ஜெர்மன் கோப்பை இரண்டையும் வென்றது. அவ்வாண்டே பிரெமனுக்குத் திரும்பிய அவர் 2011 வரை அங்கேயே இருந்தார்; 2009-இல் மீண்டும் ஜெர்மன் கோப்பை கிட்டியது. புண்டெஸ்லீகாவில் 400-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியுள்ளார். இறுதியாகக் கனடாவின் டொராண்டோ எஃப்சி கழகத்தில் ஆடி, இடுப்புக் காயத்தால் 2013-இல் ஓய்வு பெற்றார்.

தேசிய அணியில்

2001-இல் தேசிய அணியில் அறிமுகமானார். 2002 உலகக்கோப்பைக் காலிறுதியில் அமெரிக்க வீரர் பெர்ஹால்டர் உதைத்த பந்து, கோல் கோட்டருகே நின்ற ஃபிரிங்சின் கையில் பட்டது. நடுவர் பெனால்டி வழங்கவில்லை. ஜெர்மனி 1-0 என வென்று, பின்னர் இறுதியாட்டம் வரை சென்று பிரேசிலிடம் தோற்றது. அமெரிக்க ரசிகர்கள் இதனை எளிதில் மறக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் விதி மறுபக்கம் திரும்பியது எனலாம். 2006 உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் கோஸ்ட்டா ரிக்காவுக்கு எதிராகத் தொலைவிலிருந்து அடித்த கோலால் 4-2 என்ற வெற்றியை ஃபிரிங்ஸ் நிறைவு செய்தார். தற்காப்புக்கு முன்னே அவர் காவல் நின்றதாலேயே மிக்கேல் பலாக் துணிந்து முன்னேற முடிந்தது. ஜூன் 30 அன்று பெர்லினில் நடந்த காலிறுதியில் ஜெர்மனி அர்ஜென்டினாவைப் பெனால்டி உதைகளில் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரிடையே கைகலப்பு மூண்டது. அர்ஜென்டின வீரர் குரூசை ஃபிரிங்ஸ் தாக்கியது தொலைக்காட்சிப் பதிவில் தெரிந்ததால், ஃபிஃபா அவருக்குத் தடை விதித்தது. இத்தாலிக்கு எதிரான அரையிறுதி அவர் இரு ஆண்டுகள் ஆடிப் பழகிய டோர்ட்மண்ட் திடலிலேயே நடந்தது. அவரால் ஆட இயலவில்லை. செபஸ்டியான் கேல் அவ்விடத்தில் ஆடினார். கூடுதல் நேரத்தின் இறுதி நிமிடங்களில் விழுந்த இரு கோல்களால் ஜெர்மனி தோற்றது. ஃபிரிங்ஸ் ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என உறுதியாகக் கூற முடியாது. ஆயினும் அத்தடை இன்றும் பேசப்படுகிறது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மீண்டும் களமிறங்கினார். போர்ச்சுகலை ஜெர்மனி 3-1 என வென்றது.

யூரோ 2008-இன்போது விலா எலும்பு முறிந்ததால் காலிறுதியைத் தவறவிட்டபோதும், அரையிறுதியில் மாற்று வீரராக இறங்கி, ஸ்பெயினிடம் தோற்ற இறுதியாட்டத்தில் முதலிலிருந்தே ஆடினார். 2009-க்குப் பின் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகி டார்ம்ஸ்டாட், மெப்பென் ஆகிய கழகங்களுக்குப் பொறுப்பேற்றிருந்தார்.