புதிய நாய்க்குட்டியை வீட்டோடு பழக்குதல்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, கையிற் கொண்டுபோகக் கூடியதை மட்டுமே கொண்டுபோனார்கள். ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் பலர். நாய்கள் சில படலையில் நின்றுவிட்டன. சில சனத்தோடு நடந்து இடைவழியில் தவறிப்போயின. "இனி நாய் வளர்ப்பதில்லை" என்று அன்று முடிவெடுத்தவர்களை நாம் பின்னாளில் சந்தித்திருக்கிறோம்.

ஆனால் பிள்ளைகள் அந்த முடிவை ஏற்பதில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் கைவிட்டுப் போன காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு அதனை அண்டிய காணிகளும் கிடைத்தன. பற்றை வெட்டிக் கொட்டில் போட்ட குடும்பங்களில், சுவர் எழும்ப முன்னரே பிள்ளையின் கையில் ஒரு நாய்க்குட்டி வந்துவிடும். "நாங்களே அலைந்து வந்த சனம். இதை எப்படிப் பார்ப்பது?" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

அந்தக் குட்டியும் இடம்பெயர்ந்துதான் வந்திருக்கிறது. தாயையும் கூடப்பிறந்தவற்றையும் ஒரே நாளில் இழந்த அதற்கு மூன்று தேவைகள் உண்டு: தனக்கென ஓர் இடம், நேரம் தவறாத ஒழுங்கு, அடிக்காத கை. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதல் இரவுகள்

குட்டியை எட்டு வாரம் வரை தாயோடு விடுவது நல்லது. கடிப்பதில் அளவு எது என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்கிறது. கொண்டுவரும்போது தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டையும் கேட்டு வாங்குங்கள். அந்த மணம் குட்டியை ஆற்றும்.

கொட்டிலின் ஒரு மூலையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில், பழைய கடகத்தையோ மரப்பெட்டியையோ வைத்துச் சாக்கு விரியுங்கள். அந்த இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். முதல் இரண்டு மூன்று இரவுகள் குட்டி அனுங்கும். அதை வெளியே கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினால் பயம் கூடும். நீங்கள் படுக்கும் இடத்துக்குக் கிட்ட வைத்து, அழும்போது கையை வைத்தால் போதும். சில நாட்களில் தானாக உறங்கப் பழகிவிடும்.

சாப்பாடு

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பின்னர் இரண்டு வேளை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். வெறும் சோறும் கஞ்சியும் வளரும் குட்டிக்குப் போதாது. முள் நீக்கிய அவித்த மீன், முட்டை, பூசணிக்காய் ஆகியவற்றில் கிடைப்பதைச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். சுத்தமான தண்ணீர் ஒரு சட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

எமது தோட்டப் பயிர்கள் மூன்று நாய்க்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரியாது. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். அவித்தாலும் அந்தக் கெடுதி போகாது. முந்திரிகைப்பழம் சிறுநீரகத்தைத் தாக்கும். புகையிலையும் ஆகாது. ஆகவே மிஞ்சிய கறிச்சட்டியை வழித்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, கறி கூட்டுமுன்னரே குட்டியின் பங்கை எடுத்துவையுங்கள். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம்.

மலசலம்

குட்டி உறங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடிந்தவுடன் வளவின் ஒரே மூலைக்குக் கொண்டுபோங்கள். அலுவல் முடிந்ததும் தடவிப் பாராட்டுங்கள். இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடக்காது. அது அதன் குற்றமல்ல. உள்ளே கழித்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பதாலும் அடிப்பதாலும் பயனில்லை. எதற்காக அடி விழுந்தது என்பது அதற்கு விளங்காது. உங்களுக்குப் பயந்து ஒளித்துப்போய்க் கழிக்க மட்டும் கற்றுக்கொள்ளும்.

கடியும் கட்டிவைத்தலும்

பல் முளைக்கும் காலத்தில் குட்டி எதையும் கடிக்கும். கையைக் கடித்தால் விளையாட்டை உடனே நிறுத்தி, முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுங்கள். துணியைப் பிய்த்து விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முதல் ஏறக்குறைய மூன்று மாதம் வரை காண்பதையெல்லாம் குட்டி இலகுவாக ஏற்றுக்கொள்ளும். அயலவர், ஆடு, கோழி, சைக்கிள், உழவு இயந்திரச் சத்தம் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் அமைதியாகக் காட்டிவிடுங்கள். பகல் முழுவதும் சங்கிலியில் கிடந்து வளரும் நாயே பின்னர் ஆளறியாமல் பாய்கிறது. கொட்டில்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் இது அயலுக்குள் பகையையும் உண்டாக்கும். சாப்பிடும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக்கூடாது என்று சிறுவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வளவின் ஆபத்துகள்

கட்டில்லாத தோட்டக் கிணற்றைச் சுற்றி முள்வேலியாவது போடுங்கள். மருந்தடிக்கும் நாளில் குட்டியைத் தோட்டத்துக்கு விடாதீர்கள். வெறும் மருந்துப் போத்தலை அது கடிக்கவும் விடாதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். 2009இல் போர் முடிந்த பின்னரும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. துப்புரவாக்கப்பட்டதென்று அறிவிக்கப்படாத காணிக்குள் குட்டி ஓடினால், பிள்ளை பின்னால் ஓடவே கூடாது. நின்ற இடத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குட்டிக்கு ஒரு பெயர் வைத்து, கூப்பிட்டவுடன் வரப் பழக்குவது வெறும் விளையாட்டல்ல என்பது இப்போது விளங்கும்.

ஊசியும் பூச்சிமருந்தும்

குட்டிகள் பெரும்பாலும் தாயிடமிருந்தே வட்டப்புழுவைப் பெறுகின்றன. அதன் முட்டைகள் மண்ணில் கலந்து, முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும். மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூச்சிமருந்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். கழிவைப் புதையுங்கள். பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கைகழுவட்டும். இரத்த வயிற்றோட்டத்தால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோய்க்கும் ஊசி உண்டு.

எல்லாவற்றிலும் பெரிது விசர்நாய்க்கடி. 1973இல் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடும் வேலை பரவியதால் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் நோய் கண்டபின் பிழைப்பது மிக மிக அரிது. "குட்டிதானே" என்று எண்ணி அதன் கடியையோ பற்கீறலையோ அலட்சியம் செய்ய வேண்டாம். குட்டிக்கும் விசர் பிடிக்கும். அரசாங்கம் இலவசமாகப் போடும் தடுப்பூசியை எந்த வயதில் தொடங்குவதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் போட்டு, ஆண்டுதோறும் திருப்பிப் போடுங்கள். கார்ட்டைப் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருங்கள். கடி பட்டால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். காயத்தில் மிளகாயோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

எடுக்குமுன்

சந்தையடியிலும் கோவில் வீதியிலும் எறியப்படும் குட்டிகளிற் பெரும்பாலானவை பெட்டைக்குட்டிகள். பெட்டையும் நல்ல காவல் நாயே. ஏறக்குறைய ஆறு மாதமானதும் மிருக வைத்தியரிடம் கேட்டுக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால், குட்டிகளை எறியும் பாவமும் இல்லை, பராமரிக்கும் பாரமும் இல்லை.

குட்டியை எடுக்குமுன் வீட்டார் எல்லோரும் இருந்து பேசுங்கள். சாப்பாடு வைப்பது யார், ஊசிக்குக் கொண்டுபோவது யார், மீண்டும் வீடு மாற நேர்ந்தால் கயிற்றைப் பிடிப்பது யார்? மூன்றுக்கும் ஆள் இருந்தால் எடுங்கள். இல்லையேல் இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருங்கள். ஒருமுறை கைவிடப்பட்ட குட்டியை இரண்டாம் முறையும் கைவிடாதிருப்போம்.

அந்தத் தாய் குட்டியை வைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பொறுப்பு மகனுடையது. நாம் அடுத்த முறை போனபோது, அடுப்பங்கரையில் வெங்காயம் வெட்டுமுன்னரே ஒரு சிரட்டைச் சோறு தனியே எடுத்து மூடப்பட்டிருந்தது.