கண்ணைப் படம் பிடிக்கும் கருவி: தாதியர் கைக்குப் பழகினால்தான் நோயாளிக்குப் பலன்

கோலா குபு பாரு: இனிப்புநீர் நோய் உள்ளவர்களுக்கு விழித்திரையில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் மெதுவாகப் பழுதடைகின்றன. தொடக்கத்தில் வலி இருக்காது. பார்வையும் குறையாது. கண் மங்குவது தெரியவரும்போது, போன பார்வையைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் முடிவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் பிடித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நம் சமூகத்திற்கு இது கூடுதல் முக்கியம். 2019 ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

கெர்லிங், ராசா, பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள் கண் நிபுணரைப் பார்க்க செலாயாங் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால், ஒரு நாள் சம்பளம் போய்விடும். கிளினிக்கிலேயே தாதி படம் எடுத்து, அதை நிபுணரோ செயற்கை நுண்ணறிவோ பார்த்துச் சொன்னால் அந்த அலைச்சல் மிச்சம். ஆனால், கருவியை வாங்கி வைத்தால் மட்டும் இது நடந்துவிடுமா?

தாய்லாந்தில் நடந்தது

அண்டை நாடான தாய்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கு தாதியர் எடுத்த கண் படத்தை வெளியூர் நிபுணர் பார்த்துப் பதில் அனுப்ப 10 வாரம் வரை ஆகும். கூகல் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு 10 நிமிடத்தில் முடிவு சொல்லும் என்பதால், 11 கிளினிக்குகளில் அதைப் பயன்படுத்தினர். ஆய்வின் முடிவுகள் 2020 இல் வெளிவந்தன.

ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்த கருவி, கிளினிக்கில் தடுமாறியது. 1,800க்கும் அதிகமான படங்களில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் “தெளிவில்லை” என்று கருவி தள்ளிவிட்டது. கண்மணி நன்கு விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். அப்படி இருட்டாக்கக்கூடிய தனி அறை 11 கிளினிக்குகளில் இரண்டில்தான் இருந்தது. இணைய வேகமும் போதவில்லை. ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரத்தில் 10 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

படம் தள்ளப்பட்டவர்கள் வேறொரு நாள் நிபுணரிடம் போக வேண்டியிருந்தது. வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கும் வாகனம் இல்லாதவர்களுக்கும் அது வீண் சுமை. கண்ணில் கோளாறு இல்லை என்று தாதிக்குத் தோன்றினாலும், கருவியின் முடிவை மாற்ற வழியில்லை. பின்னர் விதிமுறை திருத்தப்பட்டது. தெளிவில்லாத படங்களை, நோயாளியின் மருத்துவப் பதிவோடு சேர்த்து நிபுணரே பார்க்கத் தொடங்கினார்.

மதுரையின் வழி

தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. டாக்டர் கோ.வெங்கடசாமி 1976 இல் நிறுவிய இம்மருத்துவமனை, 2004 முதல் கிராமங்களில் பார்வை மையங்களை அமைத்து வருகிறது. அங்கு கருவியை இயக்குபவர்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டார இளம் பெண்கள். இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்ற பிறகே அவர்கள் மையத்தில் அமர்த்தப்படுகிறார்கள். நோயாளியை அவர்கள் சோதித்த பின், மருத்துவர் இணையம் வழி நோயாளியோடு பேசுகிறார். சந்தேகம் வந்தால் கேட்க மறுமுனையில் எப்போதும் ஒருவர் இருக்கிறார்.

தாதியருக்கு என்ன தேவை?

ஒரு நாள் பட்டறையும் கையேடும் போதாது. முகவாயை எப்படி வைக்கச் சொல்வது, இமை மறைத்தால் என்ன செய்வது, கண்புரையால் படம் மங்கினால் எப்படிக் கண்டுகொள்வது என்பதெல்லாம் நோயாளியை உட்கார வைத்துப் பழகினால்தான் வரும். பழகும் நாள்களில் தாதியின் மற்ற வேலையைக் குறைக்க வேண்டும். ஒரே விவரத்தைக் கணினியிலும் புத்தகத்திலும் இருமுறை எழுத வைத்தால், புதிய கருவி அவருக்கு உதவியாக இருக்காது. இன்னொரு சுமையாகத்தான் இருக்கும். பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால், அடுத்தவருக்குச் சொல்லித்தர ஏற்பாடு இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. கைப்பேசி வழிப் பயிற்சி நல்லதுதான். ஆனால், அது வழக்கமான பயிற்சியோடு சேர்ந்து வர வேண்டும், அதற்கு மாற்றாக அல்ல என்கிறது அந்த வழிகாட்டி.

நோயாளிகள் செய்யக்கூடியது

இனிப்புநீர் உள்ளவர்கள், கடைசியாகக் கண் படம் எடுத்தது எப்போது என்று கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதிவுப் புத்தகத்தையும் மருந்துகளையும் மறக்காமல் எடுத்துச் செல்வது நல்லது. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால், மோட்டார் சைக்கிளைத் தாங்களே ஓட்டிச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். படம் சரியாக வரவில்லை என்று தாதி மறுபடியும் எடுத்தால், சற்றுப் பொறுத்திருக்கலாம். அந்த இரண்டாவது படம் ஒரு செலாயாங் பயணத்தை மிச்சப்படுத்தக்கூடும்.