ஒரே மடிக்கணினியில் மூன்று பைத்தான்!

சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அக்காள் மகளிடமிருந்து அழைப்பு. "மாமா, லேப்டாப்ப ஃபார்மட் பண்ணிடவா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு. திங்கட்கிழமை காலையில் புரொஜெக்ட் படைப்பு. "எதையும் தொடாதேம்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு பாகானுக்குக் கிளம்பினேன்.

அவள் எழுதியிருந்தது நல்லதொரு நிரல். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்துக் கட்டங்களைத் தானே அமைத்துத் தரும். அதற்கு முதலில் ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கணினிக்குத் தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், அவள் நிரல் எழுதும் சாளரத்தில் 5 என்று வந்தது. அதே கோப்பைக் கறுப்புத் திரையான கட்டளைச் சாளரத்தில் ஓட்டினால் 15! முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லிவிடும்.

தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தர 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அதையும் நிறுவிப் பார்த்திருக்கிறாள். நிறுவும்போது 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற கணினி, ஓட்டும்போது 'அப்படி ஒன்று இல்லை' என்றது. விரிவுரையாளரோ கட்டளைச் சாளரத்தில்தான் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்.

இப்படிக் கணினி இரண்டு நாக்கோடு பேசினால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பேசுவது யார்? கட்டளைச் சாளரத்தில் 'வேர் பைத்தான்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். மூன்று முகவரிகள் வரிசையாக வந்து நின்றன. முதலாவது பைத்தான் 2.7. அந்த மடிக்கணினி அவள் அண்ணன் பயன்படுத்தியது. அவன் படித்த காலத்தில் போட்டது அப்படியே கிடந்தது. இரண்டாவது, இவள் போட்ட 3.12. மூன்றாவது பைத்தானே இல்லை. 2019 முதல் விண்டோஸ் கூடவே வரும் ஒரு வெற்றுக் கோப்பு அது. அழைத்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குக் கூட்டிப் போகும்.

வீட்டில் "தம்பி" என்று குரல் கொடுத்தால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் அல்லவா, அதே கதைதான். 'பைத்தான்' என்று தட்டியதும் விண்டோஸ், 'பாத்' எனப்படும் முகவரிப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதலில் எது கிடைக்கிறதோ அதை ஓட்டிவிடும். எது புதியது என்று பார்ப்பதில்லை. அண்ணனின் 2.7 கணினி முழுமைக்குமான பட்டியலில் இருந்தது. இவளுடைய 3.12 இவள் கணக்குக்கான பட்டியலில் இருந்தது. முதலில் படிக்கப்படுவது கணினியின் பட்டியல். தொகுப்புகளை நிறுவும் 'பிப்' கருவி அந்தப் பழைய 2.7-இல் இல்லை. அதனால் 'பிப்' என்றால் 3.12 வந்தது, 'பைத்தான்' என்றால் 2.7 வந்தது. ஒருவன் வீட்டில் சாமானை இறக்கிவிட்டு இன்னொருவன் வீட்டில் தேடியிருக்கிறாள், பாவம்.

15 எங்கிருந்து வந்தது? கணினியின் கணக்கில் 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். கோப்பில் ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். 2.7 பைட்டுகளை எண்ணியது, 3.12 குறிகளை எண்ணியது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளியானபோது செய்த பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று. பழைய நிரல்கள் பல புதியதில் ஓடாது என்று தெரிந்தே செய்தார்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றது.

பழையதை அழித்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் ஒருமுறை தோன்றியது. அலுவலக உபுந்து கணினியில், கூடவே வந்த பைத்தானை 'இது எதற்கு' என்று நீக்கினேன். மேசைத்திரையே காணாமல் போனது. அந்த இயங்குதளத்தின் பல கருவிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே எதையும் அழிக்கவில்லை. விண்டோஸில் 'பிஒய்' என்றொரு சிறு கட்டளை உண்டு. பைத்தான் 3-ஐ நிறுவும்போது அதுவும் சேர்ந்து வரும். பக்கத்தில் எண்ணைச் சொன்னால் அந்தப் பதிப்பை மட்டும் அழைக்கும். அதைக்கொண்டு 3.12-ஐ அழைத்து, புரொஜெக்ட் கோப்புறைக்குள் 'வென்வ்' என்ற மெய்நிகர் சூழலை உருவாக்கச் சொன்னேன். பெயர்தான் பெரிது. அது செய்வது, அந்தப் புரொஜெக்டுக்கென்று தனியாக ஒரு பைத்தானை வைப்பது. இயக்கியதும் அந்தச் சாளரத்தின் முகவரிப் பட்டியலில் தன் பெயரை முதல் வரியில் எழுதிக்கொள்ளும். பிறகு ஓப்பன்-தமிழை நிறுவும்போதும் வெறும் 'பிப்' என்று தட்டாமல், 'பைத்தான் -எம் பிப்' என்று தட்டச் சொன்னேன். ஓட்டுகிற பைத்தானிடமே நிறுவுகிற வேலையையும் ஒப்படைப்பது இது. பாதிக் குழப்பம் இந்த ஒரு பழக்கத்தால் வராது.

ஓட்டினாள். 3 என்று வந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அக்கா மைலோ கலக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து அண்ணன்காரன் அழைத்தான். "மாமா, என் 2.7-ஐ எடுத்துடலையே? அப்பா கடைக் கணக்கு புரோகிராம் அதுலதான் ஓடுது!" எடுக்கவில்லை. பட்டியலிலிருந்து அதன் வரியை மட்டும் நீக்கியிருந்தேன். 'பிஒய் -2.7' என்று கூப்பிட்டால் வரும் என்று சொல்லிக் கொடுத்தேன்.