எல்லையோரத் தமிழில் ஊக்கச் சொற்கள்: ஊனமுற்ற குழந்தைகளிடம் பேசப்படும் மொழி பற்றிச் சில குறிப்புகள்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்தின் தென்கோடியில் பாறசாலையும், எல்லைக்கு இப்பால் களியக்காவிளைச் சந்தையும் உள்ளன. பாறசாலைப் பகுதிச் சிற்றூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இவர்களுக்கு வீட்டில் தமிழ்; பள்ளியிலும் மருத்துவமனையிலும் மலையாளம். இத்தகைய வீட்டில் ஊனமுற்ற குழந்தை ஒன்று வளருமாயின், அக்குழந்தையைத் தேற்றும் சொல்லும் பாராட்டும் சொல்லும் இரு மொழிகளிலிருந்தும் வந்து கலக்கின்றன. அச்சொற்கள் குழந்தையைப் பற்றி என்ன கூறுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுவது.

அரசு வழக்கு அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளது. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 2006–2011 காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்பதன் இடத்தில் ‘மாற்றுத்திறனாளிகள்’ வந்தது. கேரளத்தில் ‘விகலாங்கர்’ போய் ‘பின்னசேஷிக்கார்’ வந்தது. மலையாளத்தில் ‘சேஷி’ என்பது ஆற்றல். தமிழ்க் காதிலோ அது ‘சேஷம்’, அதாவது எச்சம், என்றே விழக்கூடும். நடுவணரசு ‘திவ்யாங்’ என்ற இந்திச் சொல்லை மேற்கொண்டபோது ஊனமுற்றோர் அமைப்புகள் பலவே அதனை எதிர்த்தன. உடலுறுப்பில் தெய்வத்தன்மை கூறுவது உரிமையைத் தருவதாகாது என்பது அவர்கள் வாதம். அது சரியென்றே தோன்றுகிறது. இச்சொற்களுள் எதுவும் வீட்டுத் திண்ணையில் வழங்குவதில்லை. ‘மாற்றுத்திறனாளி, இங்கே வா’ என்று எந்தத் தாயும் அழைப்பதில்லை.

திண்ணையில் வழங்குவது ‘வய்யாத்த பிள்ளை’. மலையாளத்தில் ‘வய்யாத்த குட்டி’. உள்நாட்டுத் தமிழில் ‘முடியாத பிள்ளை’ என்பர். நன்னூலார் தகுதி வழக்கில் அடக்கிய மங்கலத்திற்கு இது நெருங்கியது. குருடு, செவிடு என்று வெளிப்படக் கூறாமைக்கு எழுந்தது. கருத்து நல்லதே. இலக்கணம் நோக்கினால் ஒரு குறை தென்படுகிறது. ‘கண் தெரியாத பிள்ளை’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சத் தொடரில் எது இயலாது என்பது வரையறுக்கப்படுகிறது. காது கேட்கும், கால் நடக்கும் என்பவற்றிற்கு இடம் உண்டு. ‘வய்யாத்த பிள்ளை’ என்பதில் அவ்வரையறை நீங்கிவிடுகிறது. எது வய்யா என்று கூறப்படாமையால், எல்லாமே வய்யா என்றாகிறது. மென்மை கருதிய வழக்கு வெளிப்படையான வழக்கைவிட மிகுதியாக மறுத்துவிடுகிறது.

பழஞ்சொற்கள் தீங்கற்றவை என்று இதனாற் கொள்ளலாகாது. மலையாளத்தில் ‘பொட்டன்’ என்பது காது கேளாதவனையும் அறிவிலியையும் ஒருங்கே குறிக்கும். ‘பொட்டக்கண்ணன்’ பார்வையற்றவனைக் குறிக்கும். தமிழிலும் ‘பொட்டைக்கண்’ உண்டு. ஒரே அடி, புலன் குறையையும் அறிவுக் குறையையும் பிணைத்துவிடுவதால், காது கேளாத சிறுவன் ஒருவன் பெயரளவிலேயே மூடனாகிறான். உடற்குறைகளைத் தொகுத்து எண்ணும் வழக்கம் புறநானூறு 28ஆம் பாட்டிலேயே காணப்படுவது. அங்கு எட்டு வகை எண்ணப்படுகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகை எண்ணுகிறது.

எல்லையோரத்தில் மிகக் கூர்ந்து நோக்கவேண்டிய சொல் ‘பாவம்’. தமிழில் இச்சொல் இரு பொருளது: இரங்கத்தக்க நிலை ஒன்று, அறத்திற்கு மாறான செயல் மற்றொன்று. இன்றைய மலையாளம் இவற்றைப் பிரித்துக்கொண்டது. இரக்கத்திற்குப் ‘பாவம்’, தீவினைக்குப் ‘பாபம்’. இரண்டும் ஒரே வடசொல் மூலத்தவையே. எனினும் வடிவம் பிரிந்தமையால் பொருளும் பிரிந்து நிற்கிறது. மலையாள ஆசிரியை ஒருவர் ‘பாவம் குட்டி’ என்றால் அது ஏழைப்பிள்ளை, கள்ளமற்ற பிள்ளை என்ற அளவில் நிற்கும். அதே தொடர் தமிழ் வீட்டிற்குள் ‘பாவம் பிள்ளை’ என்று நுழையும்போது, ‘யார் செய்த பாவமோ’ என்னும் தொடர் அதன் பின்னே நிழலாக வருகிறது. இப்பகுதியில் கிறித்தவக் குடும்பங்கள் மிகுதி. தமிழ் விவிலியம் வாசிக்கும் வீட்டில் ‘பாவம்’ கோயிற் சொல்லும் ஆகும். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றோரா என்று சீடர்கள் வினவ, இயேசு இரண்டையும் மறுக்கிறார். மறுப்பைக் கேட்டவர்கள் நாவிலும் சொல் அப்படியே இருக்கிறது. மலையாளக் கையேட்டின் ‘பாவம்’ என்பதைத் தமிழில் ‘பாவம்’ என்றே எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளர், எழுத்தை மாற்றாமல் பொருளை மாற்றிவிடுகிறார்.

இனி ஊக்கச் சொற்கள். பள்ளியில் அடிக்கடி கேட்பது ‘மிடுக்கன்’, ‘மிடுக்கி’. தமிழில் மிடுக்கு செருக்கையும் வலிமையையும் சுட்டும். மலையாளத்தில் அது திறமை. இது ஆளைக் குறிக்கும் பெயர். 1998இல் கிளாடியா முல்லரும் கேரல் டிவெக்கும் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் புகழப்பெற்ற சிறுவர்கள் தோல்விக்குப்பின் விடாமுயற்சி குன்றினர். முயற்சியைப் புகழப்பெற்றவர்கள் அவ்வாறு குன்றவில்லை. அவ்வாய்வு ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றியதன்று. ஆயினும் பெயரால் புகழ்வதற்கும் செயலைப் புகழ்வதற்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பயன்படும். கரண்டியைப் பிடிக்க ஆறு மாதம் பழகும் குழந்தைக்கு, ‘மிடுக்கன்’ என்ற பெயர் கரண்டி நழுவும் நாளில் பறிபோகும் பெயராகிறது.

எல்லையோரத் தமிழில் இதற்கு வேறொரு சொல் உண்டு: ‘கொள்ளாம்’. மலையாளத்திற்கும் குமரி மாவட்டத் தமிழுக்கும் பொதுவானது. ‘கொள்’ என்னும் வினையுடன் ‘ஆம்’ சேர்ந்த வடிவம். ஏற்கத்தக்கது, நன்று என்பது பொருள். ‘ஆள் கொள்ளாம்’ என்று ஆளைச் சுட்டியும் வரும். எனினும் ஒரு செயல் முடிந்த கணத்தில் எழுவாயின்றி வருங்கால் அது அச்செயலையே தழுவும். பாறசாலைப் பக்கத்து வீடொன்றில், நடைவண்டியைப் பற்றியபடி வாசற்படிவரை வந்துவிட்ட பேரனிடம் பாட்டி ஒருவர் ‘கொள்ளாம் மக்களே’ என்று கூறியதை இக்கட்டுரையாளர் கேட்டதுண்டு. மிகையும் இல்லை, இரக்கமும் இல்லை. அடுத்த நாள் அவன் படியைத் தொடவில்லை. பாட்டி ‘சாரமில்ல, நாளைக்கு நோக்கலாம்’ என்றார்.

அவ்விளியும் நோக்கத்தக்கது. ‘மக்களே’ வடிவில் பன்மை; விளிக்கப்படுபவன் ஒருவன். ஒரு குழந்தையை மக்கள் என்றழைப்பது குமரி, தென்திருவிதாங்கூர் வழக்கு. இவ்விளி ஊனமுற்ற குழந்தைக்கும் மற்றக் குழந்தைக்கும் வேறுபடுவதில்லை.

திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள, 1997இல் தோன்றிய தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும், 2004இல் இம்மாவட்டத்து வெங்ஙானூரில் தொடங்கிய ‘பட்ஸ்’ பள்ளியும் போன்றவற்றுக்குச் செல்லும் தாய்மார் மலையாளத்தில் கேட்ட அறிவுரையைத் தமிழில் வீடு கொண்டு செல்ல வேண்டியவராகின்றனர். இவர்களுக்கெனக் கையேடு எழுதுவோர் ‘ப்ரோத்ஸாஹனம்’ என்பதை ‘ஊக்குவித்தல்’ என்று பெயர்த்து நின்றுவிடுதல் போதாது. ‘பாவம்’ வருமிடத்தில் அதனை விலக்கி, ‘வய்யாத்த’ வருமிடத்தில் எது இயலாது என்பதை எழுதி, பாராட்டு வருமிடத்தில் ‘கொள்ளாம்’ என்ற சொல்லையே இடலாம். செம்மொழி நடைக்கு அது ஒவ்வாது என்பார் உளர். படிப்பவர் அத்தாய், கேட்பவன் அப்பிள்ளை.