உங்களுக்குத் தெரியுமா? குண்டு மழையினூடே குறைந்த சிசு மரணம்

இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்ட 1939-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் சுமார் 51 ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. நகரங்கள் குண்டுவீச்சுக்கு இரையாகி, உணவுப் பண்டங்கள் பங்கீட்டுக்கு உட்பட்டு, 1941-இல் 60 வரை ஏறிய அத்தொகை, யுத்தம் முடிந்த 1945-இல் சுமார் 46 ஆக இறங்கியிருந்தது!

• 1940 ஜூலையில் தொடங்கிய தேசியப் பால் திட்டத்தின்படி, கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாள்தோறும் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பால், இரண்டே பென்ஸுக்கும், வறியவர்களுக்கு இலவசமாகவும் அளிக்கப்பட்டது. பற்றாக்குறைக் காலத்தில் முதற்பங்கு தாய்க்கும் சேய்க்கும் உரியதென்று ஓர் அரசாங்கம் துணிந்து வகுத்த இந்த ஏற்பாடு, யுத்த களத்து வெற்றிகளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

• கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமென்றே பச்சை நிறப் பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. பழம் வாங்குவதில் அவர்களுக்கே முன்னுரிமை.

• 1941 டிசம்பர் முதல் சிறு குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் பழச்சாறும் வழங்கப்பட்டன. பிரசவத்தில் இறந்த தாய்மாரின் தொகையும் குறைந்தது. அதற்குக் கிருமித் தொற்றை அடக்கும் ஸல்பா மருந்துகளும் பெருந்துணை புரிந்தன.

• நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சுறுத்தலால் ஆரஞ்சு இறக்குமதி அருகிப் போகவே, பள்ளிச் சிறுவர்களும் கிராமத்துப் பெண்களும் வேலியோரங்களில் காட்டு ரோஜாவின் காய்களை நூற்றுக்கணக்கான டன் பறித்துத் தர, வைட்டமின் ‘சி’ செறிந்த அவற்றின் பாகு குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது.