நாய்க்குட்டியை வெளிக்குப் போகப் பழக்குவோம்

நலன்புரி அலுவலகத்துக்கு வரும் முறைப்பாடுகளில் பீலித் தண்ணீர், கோழி, மரக்கறிப் பாத்தி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருவது நாய் விஷயம்தான். "ஐயா, பக்கத்துக் காம்பரா குட்டி தெனமும் எங்க இஸ்தோப்புலதான் வந்து அசிங்கம் பண்ணுது. கேட்டா, வாயில்லாத ஜீவன்கிட்ட சண்டைக்கு வாறீங்களேன்னு சொல்றாங்க" என்பார் ஒருவர். மற்றவரைக் கூப்பிட்டு விசாரித்தால், "குட்டிக்கு என்னங்க தெரியும், அடிச்சும் பாத்துட்டோம்" என்பார். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே கொழுந்து மலையில் பக்கத்து நிரையில் நிற்பவர்கள். குட்டி செய்த வேலையால் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது.

குட்டிக்குத் தெரியாது என்பது உண்மைதான். அதற்குத் தெரிய வைக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அடித்துத் தெரிய வைக்க முடியாது. நேரமும் இடமும் பார்த்துத்தான் பழக்க வேண்டும். பங்களா நாய்க்கு முன்னால் புல்வெளி, பின்னால் தோட்டம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள். நமது லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, பக்கத்து வீட்டோடு ஒட்டிய இஸ்தோப்பு, எல்லோருக்கும் பொதுவான ஒரே கான். ஒரு வீட்டுக் குட்டியின் அசிங்கம் லயம் முழுவதற்கும் சொந்தமாகிவிடுகிறது. 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போனவர்களுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. ஆனாலும் பழக்கும் முறை ஒன்றுதான்.

முதலில் எந்த வயதில் கொண்டுவருவது என்று பார்ப்போம். கண் திறந்ததும் தூக்கி வந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது கூடாது. 8 வாரமாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கட்டும். படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய் அசிங்கம் பண்ண வேண்டும் என்ற முதல் பாடத்தைக் குட்டி அங்கேதான் படிக்கிறது. மூன்று வாரக் குட்டியே தட்டுத் தடுமாறி படுக்கையை விட்டு நகர்ந்து போவதைத் தாய் நாய் வைத்திருப்பவர்கள் கண்டிருப்பீர்கள். நாம் செய்யவேண்டியது, அந்தச் சுபாவத்தை நமது வீட்டுக்கு ஏற்றபடி வளர்த்துவிடுவது மட்டும்தான். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறையில் கொண்டுவந்தால் நல்லது. பகலில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.

குட்டியின் வயிறு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. மூன்று மாதம் ஆனால் மூன்று மணித்தியாலம் தாங்கலாம். அடம்பிடிப்பதாக நினைக்க வேண்டாம், அதன் உடம்பு அவ்வளவுதான். ஆனால் எப்போது போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தூங்கி எழுந்தவுடன் போகும். சாப்பிட்டு கால் மணியிலிருந்து அரை மணிக்குள் போகும். ஓடி விளையாடி நிற்கும்போது போகும். போவதற்கு முன்னால் மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அந்த நேரம் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் குட்டியைத் தூக்குங்கள்.

தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் முதலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். காம்பராவுக்குப் பின்னால், கானுக்கும் பீலிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தள்ளி, பிள்ளைகள் விளையாடாத ஒரு மூலை. இடத்தை மாற்றக் கூடாது. முதல் தடவை அது போன சாமானைக் கொஞ்சம் அங்கேயே விட்டுவைத்தால் அந்த வாடை அடுத்த தடவை குட்டிக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். "கொழுந்து மலைப் பக்கம் விரட்டிவிட்டா போதும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மலையில்தான் மறுநாள் காலையில் நமது பெண்கள் செடிக்கடியில் கால் வைத்து நிற்கிறார்கள். மருந்து அடித்த மலையாக இருந்தால் குட்டிக்கும் ஆபத்து.

முதல் இரண்டு கிழமை குட்டியை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டே போங்கள். நடக்கவிட்டால் வாசலிலேயே இருந்துவிடும். இடத்தில் இறக்கிவிட்டு "வெளிக்குப் போ" என்று ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். அப்பாயி ஒன்று, அண்ணன் ஒன்று, தங்கச்சி ஒன்று என்று சொன்னால் குட்டி எதைக் கேட்கும்? ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள், விளையாட்டுக் காட்ட வேண்டாம். போய் முடித்த அந்த நிமிஷமே தலையைத் தடவி, ஒரு நெத்தலித் தலையோ ரொட்டித் துண்டோ கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் பிரயோசனம் இல்லை. வீட்டுக்குள் வந்ததற்காகக் கிடைத்ததென்று அது நினைத்துக்கொள்ளும்.

பெரட்டுக்குப் போகும் வீடுகளில் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். காலையில் அடுப்பு மூட்டுமுன் ஒரு தடவை, குட்டி சாப்பிட்ட பிறகு ஒரு தடவை, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை. பகல் சாப்பாட்டுக்கு வந்தவுடன், திரும்பிப் போகுமுன், மாலையில் வந்தவுடன், இரவு படுக்குமுன். இடையில் உள்ள நேரத்தை வீட்டிலிருக்கும் அப்பாயியோ அம்மாயியோ பார்த்துக்கொள்ளலாம். யாருமே இல்லாத வீடென்றால் காலை ஏழரை முதல் பகல் வரைக்கும் குட்டியைக் காம்பராவுக்குள் பூட்டிவிட்டுப் போய், வந்ததும் திட்டுவதில் நியாயம் இல்லை. அந்த மூலையைச் சுற்றி நாலு கம்பு நட்டு, பழைய வலையோ தகரமோ அடைத்து, ஒரு பக்கம் படுக்க நிழலும் குடிக்கத் தண்ணீரும் வைத்து அதற்குள் விட்டுப் போங்கள். படுக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் போய் இருந்து பழகும். சாப்பாட்டை நேரத்துக்கு வையுங்கள். நாள் முழுக்கத் தட்டில் சோறு கிடந்தால் நாள் முழுக்கத்தான் வெளிக்கும் போகும்.

சாக்கு விஷயத்தில் கவனமாக இருங்கள். குட்டிகள் இடத்தை மட்டுமல்ல, காலுக்கடியில் தட்டுப்படும் பொருளையும் மனதில் வைத்துக்கொள்ளும். இரண்டு மாத வயதில் எதன்மேல் இருந்து பழகுகிறதோ, அதையே பிறகும் தேடும். மூலையில் சாக்கைப் போட்டு அதில் இருக்கப் பழக்கிவிட்டால், நாளைக்கு இஸ்தோப்பில் காயும் படங்கும் கொங்காணியும் அதற்குச் சாக்குதான். பிள்ளை படுக்கும் பாயும் சாக்குதான். டவுன் வீடுகளில் பேப்பர் விரித்துப் பழக்குவார்கள். நமக்கு வாசலைத் தாண்டினால் மண் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே மண்ணில் பழக்குவதுதான் லாபம்.

இனி அடி விஷயம். மூக்கைப் பிடித்து அசிங்கத்தில் தேய்ப்பது, ஈர்க்குச்சியால் அடிப்பது, கட்டிப் போட்டுப் பட்டினி போடுவது எல்லாம் நடக்கிறது. இதில் எதுவுமே பலன் தராது. காலை பத்து மணிக்கு இருந்த சிறுநீருக்குப் பகல் வந்து அடித்தால், பத்து மணி விஷயத்துக்குத்தான் அடி என்று குட்டிக்குப் புரியாது. அப்பா வந்தால் அடி விழும் என்பது மட்டும் புரியும். "பாருங்க, தப்புப் பண்ணிட்டுத் தலையைக் குனியுது" என்பார்கள். அது குற்ற உணர்வு அல்ல, பயம். அப்படி அடிபட்ட குட்டி அடுத்த தடவை ஆள் முன்னால் இருக்காது. வெளியே தூக்கிப் போனாலும் அடக்கிக்கொண்டு நின்று, உள்ளே வந்து கட்டிலுக்கடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். கண் முன்னே இருக்கக் கண்டால் கையை ஒரு தட்டுத் தட்டி, தூக்கி வெளியே கொண்டு போங்கள். காணாமல் நடந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு துடையுங்கள், வேறு வழி இல்லை.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நமக்கு வாடை போய்விட்டாலும் நாயின் மூக்குக்குப் போயிருக்காது. வாடை இருக்கும்வரை அதே இடத்துக்கு வரும். சிமெந்துத் தரை என்றால் முதலில் சாம்பல் போட்டு ஈரத்தை எடுத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். மண் தரை என்றால் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்து, புது மண் வைத்து மெழுகிவிடுங்கள். அமோனியா நெடி உள்ள சாமான்களைப் போட வேண்டாம். சிறுநீரிலும் அந்த நெடி இருப்பதால் குட்டியைத் திரும்ப அங்கே கூப்பிடும்.

சண்டையை விடப் பெரிய விஷயம் பிள்ளைகளின் சுகம். குட்டிகள் தாயின் வயிற்றிலிருந்தே வட்டப்புழுவோடு பிறக்கலாம், தாய்ப்பாலிலும் வரலாம். அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. விழுந்த அன்றே அது நோய் தராது. இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து பக்குவமான பிறகுதான் ஆபத்து. அதன் பிறகு அந்த மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் ஈரல், நுரையீரல், சில வேளை கண்ணைக்கூடத் தாக்கும். கொக்கிப்புழு வேறு மாதிரி. அதன் குஞ்சு ஈர மண்ணில் சில நாளிலேயே வெளிவந்து, வெறுங்காலில் நடப்பவரின் தோலுக்குள் நேராகப் புகும். காலில் கோடு கோடாக வளைந்து ஓடும் தடிப்பும், இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பும் பார்த்திருப்பீர்கள். நாய்ப் புழுவாலும் அப்படி வரும்.

ஆகவே அன்றன்று விழுவதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். அந்த மூலையிலேயே இரண்டு அடி ஆழத்தில் குழி வெட்டி வைத்து, தகரத் துண்டால் அள்ளிப் போட்டு மேலே சாம்பலோ மண்ணோ தூவுங்கள். கானில் தள்ளிவிட்டால் அது கீழ் லயத்து வாசலுக்குப் போய்ச் சேரும். லீக்ஸுக்கும் கோவாவுக்கும் பசளையாகப் போடவே கூடாது. மாட்டுச் சாணி வேறு, இது வேறு. குட்டிக்குப் புழு மருந்து பிறந்து இரண்டு வாரத்திலிருந்தே, மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கவேண்டியது. எடை பார்த்துத்தான் அளவு. பிள்ளைகளுக்குக் கொடுத்த புழுக் குளிசையில் மீதியை உடைத்துக் கொடுக்காமல் அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள்.

நன்றாகப் பழகிவந்த குட்டி திடீரென்று வீட்டுக்குள் இருக்கத் தொடங்கினால் வயிற்றைப் பாருங்கள். பால்மாவோ மாட்டுப் பாலோ நிறையக் கொடுத்தால் பல குட்டிகளுக்கு வயிறு இளகும். இளகிய வயிற்றைப் பழக்கத்தால் அடக்க முடியாது. சோற்றோடு மீன் தண்ணீரோ பருப்போ போதும். வாந்தியோடு ரத்தம் கலந்த வயிற்றோட்டம் என்றால் அது வேறு நோய், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

மழைக்காலம் பெரும்பாடு. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் பெரிய நாயே வெளியே போக யோசிக்கும். அந்த மூலைக்கு மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தால் குட்டி நனையாமல் இருந்துவிட்டு வரும். நீங்களும் ஒரு படங்கைப் போர்த்திக்கொண்டு கூடவே நிற்கத்தான் வேண்டும். தனியாகத் தள்ளிக் கதவைச் சாத்தினால் கதவடியிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும், உள்ளே வந்ததும் இருக்கும்.

இரவில் குட்டியை வெளியே கட்டிப் போடாதீர்கள். நமது மலைப் பக்கங்களில் சிறுத்தை லயத்து ஓரம் வரை வந்து நாயைத் தூக்குவது தெரிந்த சங்கதி. அத்தோடு குளிர் வேறு. கதவுப் பக்கமாக ஒரு பெட்டியில் துணி போட்டுப் படுக்க வையுங்கள், பெட்டி அது சுருண்டு படுக்கும் அளவு இருந்தால் போதும். படுக்கையில் இருக்க மனமில்லாமல் நடுச்சாமத்தில் முனகும். அப்போது எழுந்து லைட்டோடு ஒரு தடவை கொண்டு போய் வந்தால் விடியும்வரை தாங்கும். நாலு மாதம் ஆகும்போது அந்த எழும்பலும் தேவைப்படாது.

பொதுவாக நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் குட்டி சரியாகிவிடும். இடையில் ஒரு கிழமை நன்றாக இருந்து மறுகிழமை பழைய மாதிரி நடந்தால் மனம் விட வேண்டாம், முதல் நாள் மாதிரியே திரும்பத் தொடங்குங்கள். ஆண் குட்டி ஆறேழு மாதத்தில் காலைத் தூக்கிச் சுவருக்குச் சுவர் அடையாளம் வைக்கப் பார்க்கும். கருத்தடை செய்த நாய்களில் அது குறையும், தெருவில் விடப்படும் குட்டிகளும் குறையும்.

கடைசியாக ஊசி விஷயம். டவுன் பஸ் நிலையத்தில் யாரோ விட்டுப்போன குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். குட்டிக்கும் விசர் வரும். விளையாட்டாகக் கடித்தாலும் நகத்தால் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசிக்குக் காசில்லை. மஞ்சள், மிளகாய்த்தூள் வைத்துக் கட்ட வேண்டாம். குட்டிக்கு எந்த வயதில் முதல் ஊசி, அடுத்தது எப்போது என்பதை பீ.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வருஷா வருஷம் போட வேண்டும். ஊசி போட வரும் நாளைப் பெரட்டுக் களத்தில் சொன்னால், கயிறு கட்டி, பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டு வாருங்கள். கொடுக்கும் அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.